மூன்றாவது தோப்புக்கரணம்

ஒரு காரை சைக்கிள் முந்தலாம், எருமை மாடும் முந்தலாம். ஆனால் நாதஸ்வரம் வாசித்தபடி நடந்து போன கல்யாண ஊர்வலம் முந்திக்கொண்டு போன கார், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டியவர் எங்கள் குருவிநத்தத்து இருபது மாமா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் இருபதுதான். மணிக்கு இருபது கிலோமீட்டர். ஸ்பீடாமீட்டரில் இருபது என்ற எண்ணுக்கு நேராக மாமியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். முள் அந்தப் பொட்டைத் தொடலாம், தாண்டக் கூடாது. இத்தனைக்கும் அவர் மின்துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். காலமெல்லாம் கரன்ட்டின் வேகத்தைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு வேகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

கார், டவுனில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. வந்த அன்றே கரன்ட் கம்பத்துக்கு அடிக்கும் சில்வர் பெயின்டைக் கடையில் வாங்கி, தன் கையாலேயே முழுக்க அடித்துவிட்டார். வெயிலில் நின்றால் எதிரே வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காருக்கு அவர் கொடுத்த மரியாதையை யாருக்கும் கொடுத்ததில்லை. "வண்டி எங்க மாமா?" என்று கேட்டால், "அவங்க வேப்ப மரத்தடியில இருக்காங்க பா. வெயிலு ஆவாது அவங்களுக்கு" என்பார். "மாமி எங்க?" என்று கேட்டால், "அது வூட்ல இருக்குது" என்பார்.

நானோ அவசரக்காரன். பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மெஷின் பேப்பரைத் துப்பும் முன்பே உள்ளே கைவிட்டு இழுக்கிறவன். தோசை வேகும் முன்பே தட்டை நீட்டுகிறவன். எனக்கும் அவருக்கும் எப்படி ஒத்துப்போகும்?

அதிலும் அந்தப் பிள்ளையார் கோயில். எங்கள் ஊரிலிருந்து பாகூர் போகும் சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வளைவில் இருக்கிறது. பிள்ளையார் எழுந்து நின்றால் தலை இடிக்கும், அவ்வளவு சின்னக் கோயில். மாமா அங்கே வந்ததும் காரை நடுரோட்டில் கோயிலைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவார். இன்ஜினை அணைப்பார். இறங்குவார். செருப்பைக் கழற்றுவார். காதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக மூன்று தோப்புக்கரணம் போடுவார்.

"ஓரமா நிறுத்துங்களேன் மாமா" என்று நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

"ஓரமா நிறுத்துனா மரம் மறைக்குது பா. அவங்களும் சாமியப் பாக்க வேணாமா?"



என் மனைவி செல்விக்குப் பிரசவ வலி எடுத்த காலையில் ஊரில் வேறு வண்டி கிடைக்கவில்லை. செல்வி பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். முள் பொட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் கிளம்பிய பால்காரர் எங்களைத் தாண்டிப் போய், பால் ஊற்றிவிட்டு, எதிரே திரும்பி வந்து, "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிள்ளையார் கோயில் வந்தது. கார் நின்றது.

"மாமா! இன்னிக்குமா?"

"இன்னிக்கு தான் பா போடணும். அரை நிமிஷம்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. அவர் இரண்டாவது தோப்புக்கரணத்தில் உட்கார்ந்திருந்தபோது செல்வி போட்ட சத்தத்தில், கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் என்னைத் தூரப் போகச் சொன்னார்கள். அடுத்த சில நிமிஷத்தில் பச்சை ரெக்சின் போட்ட அந்தப் பின் சீட்டில் என் மகள் கயல்விழி பிறந்தாள். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் மாமா ஓடி வந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. மூன்றாவதையும் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

"அவங்க கிட்ட பொறந்த புள்ள. நல்லா இருக்கும்" என்று காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு என் மகள் "பேக் சீட்டு"தான். பள்ளிக்கூட வாசலில் நின்று, "ஏ பேக் சீட்டு, வா, வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிடுவார். அவளும் பெருமையாகப் போய் ஏறிக்கொள்வாள். ஐந்து வயதிலேயே அவரிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள்: அவள் கல்யாண மண்டபத்துக்கு அந்தக் காரில்தான் போவாள், அவர்தான் ஓட்ட வேண்டும்.

போன வருஷம் கல்யாணம் கூடி வந்தது. பாகூரில் மண்டபம். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைப்பது வழக்கம். "பேக் சீட்டு பொறந்த எடத்துலயே வெக்கலாம். நான் போறேன்" என்று மாமா மஞ்சள் தடவிய பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

வழக்கம்போல் காரை நடுரோட்டில் சாமியைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பத்திரிகையை வைத்தார். ஒன்று போட்டார். இரண்டு போட்டார். மூன்றாவதில் உட்கார்ந்தவர் எழுவதற்குள் முதுகுக்குப் பின்னால் டமார் என்று ஒரு சத்தம்.

கரும்பு ஏற்றிய டிராக்டர். ஓட்டி வந்தவன் ஏழுமலை, எங்கள் ஊர்க்காரன்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரின் மூக்கு முழுவதும் உள்ளே போயிருந்தது. மேலே அரை லோடு கரும்பு சரிந்து கிடந்தது. பின் சீட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. ஏழுமலை அழுதுகொண்டிருந்தான்.

"கண்ணு தெரியலையாடா உனக்கு? வெள்ளி மாதிரி மின்னுதேடா!" என்று நான்தான் முதலில் பாய்ந்தேன்.

"சாமி சத்தியமா பாக்கல ணா. நானும் சாமிதான் கும்புட்டுட்டு இருந்தேன்."

"ஸ்டேரிங்க புடிச்சிக்கினு கும்புட வேண்டியதுதானே?"

"ஒத்தக் கையில கும்புட்டா மரியாதையா ணா? ரெண்டு கையும் எடுத்துட்டேன்."

கூடியிருந்தவர்கள் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்கள். ஒருவர் இறங்கிக் கும்பிட்டிருக்கிறார். ஒருவன் ஏறிய இடத்திலிருந்தே கும்பிட்டிருக்கிறான். இரண்டு பேரையும் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் எல்லாரும் பிள்ளையாரைத்தான் பார்த்தார்கள். அவர் முன்னால் என் மகளின் பத்திரிகை மஞ்சளோடு இருந்தது. இன்சூரன்ஸ்காரர் வந்து, விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமலே நின்றார்.

மெக்கானிக் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மாமா, இத சரி பண்ணணும்னா நான் ரெண்டாவது வாட்டி பொறந்துதான் வரணும்" என்றான். மாமா பின் சீட்டை மட்டும் கழற்றித் தரச் சொன்னார்.

ஊரே துக்கம் விசாரிக்க வந்தது. "எப்புடிப் போனாங்க?" என்று வந்தவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். "நொடியில போய்ட்டாங்க. கஷ்டப்படல" என்பார் மாமா. ஏழுமலைமேல் அவருக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் பிள்ளையார்மேல்தான்.

"என்னக் காப்பாத்துனியே, யாரு கேட்டது? அவங்களக் காப்பாத்தி இருக்கலாம் இல்ல? நாலடி தள்ளி நின்னாங்க!"

அதோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார். பஸ்ஸில் அந்த வளைவு வரும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்.

ஆனால் பேக் சீட்டுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. கல்யாணத்துக்குள் ஒரு வண்டி வேண்டும். என்னை அழைத்துக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பினார்.

முதலில் டவுனில் ஒரு ஷோரூம். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். விற்பனை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து காரின் பெருமையெல்லாம் சொல்லி முடித்தார். நாங்கள் அடுத்த தெருவைக்கூடத் தாண்டவில்லை. திரும்ப ஒரு தடவை சொன்னார். "சார், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க." "குடுத்துனுதான் பா இருக்கேன்." நாங்கள் ஷோரூமுக்குத் திரும்பியபோது அவருடைய ஜாதகத்தில் என்ன தோஷம், இரண்டு வருஷமாக ஏன் பெண் அமையவில்லை என்பது வரை மாமா தெரிந்துகொண்டிருந்தார். பெல்ட் போடாததற்கு வண்டி கீய் கீய் என்று கத்தியதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஏறுன உடனே அதட்டுது. நமக்கு ஒத்து வராது."

அடுத்து வில்லியனூரில் ஒரு பழைய வண்டி. அதில் வழி சொல்லும் பெண் குரல் இருந்தது. "இடது பக்கம் திரும்பவும்" என்றது.

"அந்தப் பக்கம் எம் மச்சான் வூடு. நாங்க பேசிக்கறது இல்ல" என்றார் மாமா.

"இடது பக்கம் திரும்பவும்."

"சொன்னா கேக்க மாட்டியாமா நீ?" என்று வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டார். "குடும்ப விஷயத்துல தலையிடுது பா இது."

மூன்றாவதாக ஒரு பேட்டரி கார். சத்தமே இல்லை. மாமா பானெட்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்குதா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார்கள். "ஒரு இருமல் கூடவா இருக்காது?" என்று வருத்தமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

எந்த வண்டியையும் அவர் வாய் "அவங்க" என்று சொல்லவில்லை. எல்லாமே "அது"தான். இன்றுவரை அவர் வண்டி வாங்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாரம் ஒன்று பார்க்கிறார், வேண்டாம் என்று வந்துவிடுகிறார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது நான் பொறுமை இழந்தேன். "மாமா, மாப்பிள்ளை வூட்ல ஏசி கார் அனுப்புறேன்னு சொல்றாங்க. அதுலயே போவட்டும். வுடுங்க." கயல்விழி, "தாத்தா வண்டி இல்லன்னா நான் நடந்தே வரேன்" என்று என்னை முறைத்தாள். மாமா எங்கள் இருவரையும் பார்த்தார். எழுந்து போனார். அவர் வேகமாக நடந்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம்.

கல்யாணத்தன்று விடிந்து ஆறு மணிக்கு வாசலில் தடதடவென்று சத்தம். முகூர்த்தம் ஒன்பதுக்கு. வெளியே வந்து பார்த்தால் ஏழுமலையின் டிராக்டர். பின்னால் டிரெய்லர் முழுவதும் சில்வர் பெயின்ட். ஏழுமலையின் காதிலும் கொஞ்சம் சில்வர் பெயின்ட். டிரெய்லர் நடுவில், வாழை மரமும் பூச்சரமும் கட்டி, அந்தப் பச்சை ரெக்சின் சீட்டை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியில் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா இது?"

"அவங்க வந்துருக்காங்க" என்று சீட்டைக் காட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் மகள் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். செல்வி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். டிராக்டரின் மீட்டரில் இருபதுக்கு நேராகப் பொட்டு ஒட்டியிருந்தது. "இதத் தாண்டுன, நான் எறங்கிடுவேன்" என்று மாமா ஏழுமலையை எச்சரித்தார். மாப்பிள்ளை வீட்டு ஏசி கார் காலியாக, ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது.

பிள்ளையார் கோயில் வந்தது. ஏழுமலை டிராக்டரை ஓரம் கட்டினான். இன்ஜினை அணைத்து, டயருக்குக் கல் வைத்துவிட்டு, அப்புறம்தான் கும்பிட்டான். மாமா மட்டும் கரும்புக் கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, எறங்கு" என்றாள் கயல்விழி.

"அவருகிட்ட நான் பேசறது இல்ல."

"பேச வேணாம். தோப்புக்கரணம் மட்டும் போடு. நீ போடலன்னா நான் எறங்கிப் போடுவேன், பட்டுப் புடவை அழுக்காவும்."

மாமா முனகிக்கொண்டே இறங்கினார். ஒன்று போட்டார். இரண்டு போட்டார். மூன்றாவதுக்கு உட்கார்ந்தபோது நாங்கள் எல்லாரும், ஏசி கார் டிரைவர் உட்பட, சாலையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டோம். எழுந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி, போலாம்" என்றார்.

மறுபடியும் தடதட. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் கை காட்டினார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்த சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள், இறங்கினால் வேறு வீட்டுப் பெண். அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. தூரத்தில் மண்டபத்து வாழை மரங்கள் தெரிந்தன. அதற்குள்ளாகவா வந்துவிட்டோம்?

நான் எழுந்து நின்று முன்னால் பார்த்துக் கத்தினேன்.

"மாமா! கொஞ்சம் மெதுவா போவச் சொல்லுங்க!"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். குனிந்து பொட்டைப் பிய்த்தெடுத்து, பத்தில் ஒட்டினார்.