உன் அக்கா நாற்பத்தோராம் கிண்ணத்துக்குப் போனது பற்றி

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தன் போக்கில் இருக்கிறது. நீயும் சகலையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று காலை 11.20 மணிக்கு உறுதியான செய்தி: உன் அக்காவின் செல்கள் பெருகி, இருந்த கிண்ணம் நிறைந்து, நாற்பத்தோராவது கிண்ணத்துக்குக் குடிபோயின. தகவல் தந்தவர், ஆய்வகத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பெண். ஆகவே, வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லும் உன் யோசனை இப்போதைக்கு நடக்காது. பெண்டாட்டி இந்த ஊரில் வளர்ந்துகொண்டிருக்கும்போது புருஷன் கிளம்பிப் போனால் நன்றாகவா இருக்கும்?

"அக்கா போய் ஒன்பது மாசம் ஆச்சு, இன்னும் என்ன அத்தான்" என்று போனில் கேட்டாய். முழுதும் சொல்கிறேன். அறுவை சிகிச்சையின்போது கட்டிக்குத் தள்ளி, சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் நல்ல இடமாகப் பார்த்து நகம் அளவுக்கு எடுத்து ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். "இவரு பழைய பேப்பரைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டாரு, இதையாவது யாருக்காச்சும் குடுங்க" என்று சொல்லி அவளே கையெழுத்துப் போட்டாள். அவள் போனபின் நான் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். வாசல் பதிவேட்டில் 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினேன். "எந்தப் பிரிவுல வேலை பாக்கறாங்க?" என்றார் காவலாளி. "மூணாவது மாடி, இன்குபேட்டர்ல" என்றேன். அவர் என்னை அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கே விடுப்புப் பட்டியலைப் புரட்டிவிட்டு, "பேரே இல்லையே, கான்ட்ராக்ட் ஆளா?" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் அந்தப் பெண்தான் வந்து விளக்கினாள். செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அதன் குரோமோசோம் நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் பெருகுவது நின்றுவிடும். டெலோமெரேஸ் என்ற நொதி அந்த நுனியை மறுபடி நீட்டிவிடும். அக்காவின் செல்களை இரண்டு பங்காக்கி, ஒன்றைச் சும்மா விட்டார்கள். மற்றதில் அந்த நொதிக்கான மரபணுவைச் சேர்த்தார்கள். சும்மா விட்டது ஒன்பதாவது கிண்ணத்தில் நின்றுபோனது. "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று சத்தம் போட்டேன். "நாங்க நிறுத்தல சார், அதுவா நின்னுடுச்சு" என்றாள். அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டபோதும் இதைத்தான் சொன்னார்; இரண்டாவது தடவையும் எனக்கு அதே பதில்தான் கிடைத்தது, சின்னவளே.

மற்றது ஓடுகிறது, நிற்கவே இல்லை. நானும் செவ்வாய்தோறும் போய் நுண்ணோக்கியில் பார்த்து, அவள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். போன வாரம் மரபணு சோதனை முடிவு வந்தது. சில நூறு மரபணுக்கள் அடங்கிவிட்டனவாம், சில தேவையில்லாமல் விழித்திருக்கின்றனவாம். "புற்றா?" என்றேன். "இல்ல சார். வளருது. ஆனா சிறுநீர் கசியாம படலமாக் கட்டிக்கணும்ல, அந்த வேலையை மறந்துட்டு வருது. சாகாத செல்லா ஆகறதுக்கு முன்னாடியே மாற ஆரம்பிச்சிருக்கு." உன் அக்கா எதையாவது மறந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் விடவில்லை. "ஒரே ஒரு இடத்து ஆதாரத்தை வச்சு இதச் சொல்லக்கூடாதும்மா, வேற ஒருத்தரும் சரிபாக்கணும்" என்று நாற்பது வருஷப் பத்திரிகை ஆபீஸ் பழக்கத்தில் சொன்னேன். சரி என்று குறித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நின்னுபோன பங்குதான் சார், கடைசிவரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்சுது" என்றாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை.

ஆக, அவளை விட்டுவிட்டு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், சகலைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் கூப்பிட்டாள். "நீங்க சொன்ன மாதிரியே சார், இன்னொரு ஆய்வகத்துல சரிபாக்கக் குடுக்கறோம். ஒரு குப்பியை உறைய வச்சு அனுப்பியாச்சு" என்றாள். எங்கே என்று கேட்டேன். உன் ஊராம், வரைபடத்தில் பார்த்தேன், உன் தெருவிலிருந்து இரண்டாவது நிறுத்தம். குப்பி வியாழக்கிழமை வந்து சேரும். உறைந்ததை எழுப்பினால் எல்லாச் செல்லும் பிழைப்பதில்லையாம். பிழைத்ததா என்பது ஞாயிறு தெரியும். எனக்கென்று சொன்ன அறையை அதுவரை யாருக்கும் கொடுத்துவிடாதே.