மண்ணய்யாவின் கண்ணாடி ஜாடி

சாயப்பட்டறைத் தெருவில் அன்று நிற்க இடமில்லை. மண்ணய்யா எழுந்தருளியிருந்தார்! மலையேறாமல், தவமிருக்காமல், நேரே வேனிலிருந்து இறங்கிய மகான்.

ஜாடியில் தண்ணீர். ஊதாச் சாயம் ஒரு சொட்டு. அருள்மண் ஒரு பிடி. கலக்கினார், முணுமுணுத்தார். மண் படிந்தது, மேலே தண்ணீர் பளிங்கு. கூட்டம் கைகூப்பியது.

“கெணத்துல சாயத்தண்ணி எறங்கிடுச்சா? ஒரு பிடி போடுங்க. வெஷத்த மண்ணு முழுங்கிடும். கொழந்தைக்கே குடுக்கலாம்!”

ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்திக்கு அது தேனாகப் பாய்ந்தது. கேன் தண்ணீர் சுமந்து மூன்று மாடி ஏறியே முதுகு ஒடிந்தவள். அருள்மண் பொட்டலம் வாங்கிவிட்டாள். இனிக் கிணற்றுத் தண்ணீரிலேயே பால்மாவு கரைக்கலாமே!

“நில்லுங்க அண்ணி!” என்றாள் நாத்தனார். பட்டறையின் சோதனை அறையில் வேலை பார்ப்பவள். “அய்யா, இதையே எங்க கெணத்துத் தண்ணியில செஞ்சு காட்டுங்க.”

“எதுக்கும்மா? நான்தான் மழைத்தண்ணி புடிச்சு தீர்த்தமா கொண்டாந்திருக்கேனே.”

“நாங்க குடிக்கப்போறது உங்க தீர்த்தத்தையா, எங்க கெணத்தையா?”

“அய்யாவையே சோதிக்கிறியா?” சீறினார் முன்வரிசையில் கைகூப்பி நின்ற அந்தத் தெரு டெய்லர்.

“அவருக்குப் பயம்னா வேணாம் மாமா.”

பயமா? மகானுக்கா? ரோஷம் பொங்க டெய்லரே ஓடிப்போய் வாளியில் இறைத்து வந்தார். பக்தர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

சொட்டு. மண். முணுமுணுப்பு. இன்னும் கொஞ்சம் முணுமுணுப்பு. மண் படிந்தது, ஊதா அசையவில்லை.

“உங்க தண்ணியில பக்தி இல்ல,” என்றார் மண்ணய்யா.

“உப்பு இருக்குங்க. சாயம் போட மூட்டை மூட்டையா கொட்டுற உப்பு, கெணத்துக்குத்தான் எறங்குது. களிமண்ணுல சாயம் ஒட்ட எடம் உண்டு. ஆனா பஸ்ஸுல ஏறுற மாதிரி உப்பு முந்திக்கிட்டு சீட்டு புடிச்சிடுது. அய்யாவோட மழைத்தண்ணியில உப்பு ஏது? பஸ்ஸு காலி!”

சொன்னதோடு நிற்கவில்லை. குழாய் பதிக்கத் தோண்டிய குழியிலிருந்து களிமண் அள்ளி, மிச்சமிருந்த அவருடைய ‘தீர்த்தத்தில்’ ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் போட்டாள். மந்திரமில்லை, முணுமுணுப்பில்லை. பளிங்கு!

அண்ணி பொட்டலத்தை வேனுக்குள்ளேயே விட்டெறிந்தாள். “வாடி, கேனை ஆளுக்கொரு பக்கம் புடிப்போம். எம் புள்ள தப்பிச்சான்.”

வேன் புகை கக்கிக்கொண்டு பறந்தது. டெய்லர் தலையைச் சொறிந்தார்.

“அப்ப... உப்புத் தண்ணிக்குன்னு வேற அய்யா யாராச்சும் இருக்காங்களா?”

இருக்கிறார்கள், டெய்லரே! ஒரு வாளித் தண்ணீரைச் சோதிக்க நீங்கள் சோம்பியிருக்கும்வரை, வேன் வேனாக வந்துகொண்டே இருப்பார்கள்.