பேகம் சம்மதிக்காமல் கையெழுத்து இல்லை

இந்தப் பூமியில் இதுவரை பிறந்தவர்களிலேயே மிக நேர்மையான மனிதர் லகான்தான். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை, புகாராகச் சொல்கிறேன். நேர்மையானவர்கள் தூரத்தில் இருக்கும்வரை நாட்டுக்கு நல்லது. பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடுப்பு எலும்பு சாட்சி.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க ஆபீசில் எனக்கு குமாஸ்தா வேலை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். அடுத்த மனையில் லகானின் லாயம். பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுபவர். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ராணுவக் குதிரைப் பள்ளி ஒன்றில் குதிரைகளைப் பழக்கி, சிப்பாய்களுக்குக் குதிரையேற்றம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. லகானைக் கையில் பிடிக்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். கல்யாணப் பந்தியிலும் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்.

அவருடைய குதிரையின் பெயர் பேகம். சாம்பல் நிற மட்டக்குதிரை. லகான் எங்களையெல்லாம் 'டா' போடுவார்; பேகத்தை மட்டும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "நகருடா, பேகம் வர்றாங்க" என்ற குரல் கேட்டால் செங்கம் ரோட்டில் எருமைகள்கூட ஒதுங்கும்.

அவர் வண்டியில் ஏறுவது அத்தனை சுலபமில்லை. முதலில் பேகத்தின் எதிரே போய் நிற்க வேண்டும். அவள் காதுகள் முன்பக்கம் வந்தால் ஏறலாம். பின்பக்கம் மடங்கினால், "பேகத்துக்கு இஷ்டமில்ல, வேற வண்டி பாரு." ஒருமுறை முகூர்த்தத்துக்கு அவசரமாக வந்த மாப்பிள்ளை, பேகத்தின் மூக்கருகே படக்கென்று குடையை விரித்துவிட்டார். லகான் அவரை ஏற்றவே இல்லை. மாப்பிள்ளை பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னதித் தெரு வரை ஓடியதை நானே பார்த்தேன்.

வருஷத்துக்கு ஒருமுறை ஜட்கா வண்டிகளைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்க நகராட்சியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். மற்ற வண்டிக்காரர்கள் கும்பிட்டு நிற்பார்கள். லகான் ஒரு வருஷம் அவரிடம், "சார், முன்னங்கால் குளம்பைத் தூக்கிப் பாத்துட்டு அப்பால எழுது" என்றார். இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார்.

"தூக்கத் தெரியாதா?"

"அதெல்லாம் என் வேலை இல்லப்பா."

"குளம்பைத் தூக்கத் தெரியாதவரு குடுக்குற லைசென்ஸை நான் இன்னாத்துக்கு மாட்டிக்கணும்?" என்று திரும்பிவிட்டார். மூன்று நாள் வண்டி ஓடவில்லை. நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து, லகான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு குளம்பைத் தூக்கினார். பிறகுதான் லகான் லைசென்ஸ் வாங்கிக்கொண்டார். தனக்குச் சான்றிதழ் தருபவருக்கே முதலில் தேர்வு வைத்த ஆள் அவர்.

இப்படிப்பட்டவரிடம் போய், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருத்தி கையெழுத்துக் கேட்டாள் என்றால், யாரை நொந்துகொள்வது?

பெயர் ஹில்டா. ஹாலந்துக்காரி. முப்பத்துநான்கு வயது. ஆசிரமத்தைப் பார்க்க வந்தவள். பஸ் ஸ்டாண்டில் லகானின் வண்டியில் ஏறினாள். பாதி வழியில், "ஸ்டாப்!" என்று கத்திக் குதித்து இறங்கி, பேகத்தின் வயிற்று வாரை அவிழ்த்து ஒரு துளை தளர்த்தி மாட்டினாள். ரோடே மூச்சை அடக்கிக்கொண்டது. லகான் இறங்கிவந்து வாருக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "குளம்பு?" என்று சைகை காட்டினார். அவள் நான்கையும் தூக்கிப் பார்த்து, ஒன்றிலிருந்த கல்லை எடுத்துக் கையில் கொடுத்தாள். லகான் அந்தக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஊரில் அவரால் 'ங்க' போடப்பட்டவர்கள் இரண்டு பேர்.

ஹில்டாவின் கதை இது. அவள் நாட்டில் குதிரையேற்றம் கற்பிக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும். அது இருந்தால் அக்கம்பக்கத்து நாடுகளின் பள்ளிகளிலும் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் லாயத்தில் சாணி அள்ளலாம். அதைத்தான் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். சவாரியில் அவளை மிஞ்ச ஆளில்லை. கற்பிக்கும் தேர்வில் மட்டும் இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறைதான் கடைசி. அதற்குமேல் விதியில் இடமில்லை. அந்தத் தேர்வுக்கு உட்கார, ஒன்றும் தெரியாத ஒரு மாணவனுக்கு அவள் முப்பது மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள் என்றும், அவளுக்குக் கற்பிக்க வருகிறது என்றும் அனுபவசாலி ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். லகானின் ராணுவ வேலையைப் பற்றி அவள் தேர்வு நடத்துபவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டதற்கு, அவர் கையெழுத்துச் செல்லும் என்று பதிலும், கூடவே படிவமும் வந்துவிட்டன.

ஆங்கிலத்தில் இருந்த அந்தப் படிவத்தை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் படிக்கப் படிக்க லகானின் மீசை துடித்தது.

"மாணவனுக்குப் பயம் போச்சானு கேக்குறான். மாணவனுக்கு அடிபடலையேனு கேக்குறான். குதிரைக்கு எப்படி இருந்துச்சுனு ஒரு வரி கேட்டானா? முதுகுல சுமக்கிறவங்களை ஒரு வார்த்த கேக்கல, இதுக்குப் பேரு பரீட்சையா?"

"அதுக்குக் கட்டமே இல்லணா."

"கட்டம் போடுடா, கிளார்க்கு!"

ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன். அடுத்து, ஒன்றும் தெரியாத மாணவன் வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவன் போதும்" என்றார் லகான். "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுனு எழுதி ஒட்டவே வேணாம். மூஞ்சியிலயே இருக்கு."

கோடையில் வேங்கிக்கால் ஏரி வற்றிக் கிடக்கும். தினம் காலையில் அங்கே பாடம். லாயத்து உத்தரத்தில் தொங்கிய ராணுவச் சேணத்தைத் தூசி தட்டிப் பேகத்தின் முதுகில் மாட்டினார்கள். அதன்மேல் என்னை மாட்டினார்கள். மட்டக்குதிரைதானே, விழுந்தால் அடிபடாது என்றார்கள். அப்படிச் சொன்ன இருவரும் தரையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

முதல் வாரம் பதினோரு முறை விழுந்தேன். சைக்கிளில் அந்தப் பக்கம் போன எங்கள் ஹெட் கிளார்க் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, லீவு வேணும்னா எழுதிக் கேக்கக் கூடாதா?" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஹில்டா ஏன் இரண்டு முறை தோற்றாள் என்பது எனக்கு இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. அவள் கத்துவாள். "ஹீல்ஸ் டவுன்! பேக் ஸ்ட்ரெய்ட்!" என்ற சத்தம் மலையில் மோதித் திரும்பிவந்து இன்னொரு தடவை என்னைத் திட்டும். அவள் கத்திய மறுகணம் லகான் வந்து என்னை இறக்கிவிட்டு, பேகத்தை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இப்படி வரிசையாக ஆறு பாடம் பாதியில் நின்றது. முப்பது மணி நேரம் எப்படிச் சேரும்? ஏழாவது தடவை ஹில்டா அழுதேவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாணா இது அநியாயம்? திட்டு வாங்குறவன் நான். நானே சும்மா இருக்கேன், உங்களுக்கு எங்க வலிக்குது?"

"உன்னைத் திட்டுறாங்கனு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேகத்துக்குத் தெரியுமா? தன்னைத்தான் திட்டுறாங்கனு நெனைச்சிக்கிறாங்க. ஒரு தப்பும் பண்ணாம தினம் காலையில திட்டு வாங்கினா உனக்கு எப்படி இருக்கும்?"

எங்கள் ஆபீசில் அப்படித்தான் இருந்தது என்பதால் எனக்கு உடனே புரிந்தது. இதை ஹில்டாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேகத்தின் காதுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். மறுநாள் முதல் அவள் கத்தவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, கோயிலில் பேசுவதுபோல் தணிந்த குரலில் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் முதுகு நிமிர்ந்தது. குதிகால் தானாக இறங்கியது. அவளுக்கும் தமிழ் வந்தது. லகான் குதிரையிடம் பேசியதைக் கேட்டே கற்றதால், ஓட்டல் சர்வரைப் பார்த்து, "வாங்க, நில்லுங்க, பயப்படாதீங்க" என்பாள்.

மணிக்கணக்கு சேர்ந்தது. மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் அவள் மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். அந்தக் கடைசிப் பாடத்தில், துள்ளு நடையில் ஏரியை மூன்று சுற்று விழாமல் வந்தேன். இறங்கியதும் நான் கூவினேன், ஹில்டாவும் கூவினாள். இருவரும் கைகோத்துக் குதித்துக்கொண்டு ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனோம். திரும்பிவந்து படிவத்தை நீட்டினோம்.

"போட முடியாது" என்றார் லகான்.

"ஏன்?"

"இவன் ஏறக் கத்துக்கிட்டான். எறங்கக் கத்துக்கல. பேகம் வேர்த்துப்போயி நிக்கிறாங்க. வாரைத் தளர்த்தல, நடத்தி ஆத்தல, தேய்ச்சு விடல. டீ கேக்குது துரைக்கு! இவன் மடையன், போகட்டும். இவங்க சொல்லித் தர்றவங்க. இவங்களும் கூடவே போயிட்டாங்களே?"

"அண்ணா, அந்தப் பொண்ணோட வாழ்க்கைணா!"

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு அந்த ஊர்ல நாப்பது குதிரை இவங்க கைக்கு வரும்."

இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆறு வருஷம் சாணி அள்ளியவள், ஒரு கிளாஸ் டீக்காக மீண்டும் சாணி அள்ள வேண்டுமா? நேரே அறைக்குப் போய், லகானின் கையெழுத்தைப் பத்துத் தடவை எழுதிப் பழகினேன். மூன்றே மூன்று ஆங்கில எழுத்துகள், சுலபமாக வந்தது. பதினோராவதைப் படிவத்தில் போட்டுவிடலாம் என்று ஹில்டாவிடம் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, "வேணாங்க. பேகத்துக்குத் தெரியும்" என்றாள். ஒரு பைத்தியத்தோடு மல்லுக்கட்டிய இடத்தில் இப்போது இரண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் என் கதவைத் தட்டினாள். மீண்டும் ஏரி, மீண்டும் மூன்று சுற்று. இறங்கினேன். அவள் தணிந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாரைத் தளர்த்தினேன். பேகத்தை மெதுவாக நடத்தினேன். வைக்கோலைச் சுருட்டி உடம்பு முழுக்கத் தேய்த்தேன். குளம்புகளைத் தூக்கித் துடைத்தேன். ஒரு மணி நேரம். லகான் வண்டியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மலைக்கு விலை பேச வந்தவர்போல.

மணி எட்டரை. இறங்கிவந்து பேகத்தின் முன்னங்கால்களுக்கு நடுவில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. சூடில்லை. அவள் காதுகளைப் பார்த்தார், முன்பக்கம் நிமிர்ந்திருந்தன.

"பேனா இருக்குதா, கிளார்க்கு?"

ஹில்டா படிவத்தை எடுத்து நீட்டினாள். மூன்று எழுத்தையும் போட்டார். நான் கோடு போட்ட கட்டத்தில், 'குதிரைக்குச் சம்மதம்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம்.

"கீழ எழுது. சொல்லித் தர்றவங்க நல்லவங்க. கத்துக்கிட்டவன் மோசம்."

"மோசமா? மூணு சுத்து ஓட்டினேன்ணா!"

"பேகம் ஓடினாங்க. நீ மேல இருந்த."

மானம் இருக்கிறதல்லவா? ஆங்கிலத்தில் 'மாணவன் சுமார்' என்று எழுதினேன். லகானுக்கு அந்த மூன்று எழுத்தைத் தவிர ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த வார்த்தைமேல் விரலை வைத்து, "இன்னா எழுதின?" என்றார். அவர் பார்த்தது காகிதத்தை அல்ல, என் முகத்தை. அடித்துவிட்டு 'மோசம்' என்று எழுதினேன். அடித்தல் திருத்தத்துக்கு ஓரத்தில் இனிஷியல் போட வேண்டும் என்பது ஆபீஸ் பழக்கம். அதையும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் ஆபீஸ் விலாசத்துக்கு ஹில்டாவின் கடிதம் வந்தது. தேர்வாளர்கள் நான்கு பேராம். அடித்தலையும் இனிஷியலையும் காட்டி இது என்ன என்று கேட்டார்களாம். மாணவனே தன் கைப்பட எழுதியது என்று சொன்னதும் நால்வரும் சிரித்து ஓய வெகுநேரமாயிற்றாம். பிறகு மிரளும் குதிரை ஒன்றையும், என்னைப் போன்ற ஒருவனையும் கொடுத்துப் பாடம் நடத்தச் சொன்னார்களாம். அவள் குரலை உயர்த்தவே இல்லை. பாடம் முடிந்ததும் மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விட, இவள் மட்டும் மாணவனை நிறுத்திவைத்துக் குதிரையை ஆற்ற வைத்தாளாம். தேறிவிட்டாள். வேலையும் கிடைத்துவிட்டது.

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜட்காக்களுக்கு நடுவில் நின்று, கடிதத்தை மூச்சுவிடாமல் மொழிபெயர்த்து வாசித்தேன். லகான் கேட்டுக்கொண்டார்.

"சரி" என்றார்.

சரியா? இதற்காகத்தானா நான் அத்தனை முறை விழுந்தேன்? ஒரு சிரிப்பு இல்லை, 'நல்லா இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த ஆளிடம் இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். பேகத்தின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, காதருகே குனிந்தார்.

"நம்ம இல்டாம்மா பாஸாயிட்டாங்க. நாலு பேரு உக்காந்து பாத்தாங்களாம். குதிரை மெரளுற குதிரையாம்..."

ஒரு வரி விடவில்லை. நான் அவசரத்தில் விழுங்கிய இடங்களைக்கூட நிரப்பிச் சொன்னார். காப்பி குடிக்கப் போனவர்களைப் பற்றிய இடத்தை இரண்டு தடவை சொன்னார்.

அப்போது கையில் டிரங்குப் பெட்டியுடன் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஏம்ப்பா, ஸ்டேஷனுக்கு வண்டி வருமா? ரயிலுக்கு நேரமாச்சு!"

நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன்.

"கொஞ்சம் இருங்க சார். முக்கியமா பேசிக்கிட்டு இருக்காரு."