குகதாசனின் ஸ்லோ மோஷன்

இருநூறு மீற்றர் ஓட்டத்தைப் பிரதீபா இரண்டே விநாடியில் ஓடி முடித்திருந்தாள். குகதாசன் வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். எறும்புக் கூட்டம் கலைந்த மாதிரி ஏதோ ஒன்று திரையில் ஓடி மறைந்தது. அதில் எந்த எறும்பு மகள் என்றுதான் தெரியவில்லை.

"டைம் லாப்ஸிலை எடுத்திருக்கிறியள்," என்றாள் மனைவி சிவகௌரி. "மணித்தியாலத்தை நிமிசமாக்கிறது அது."

பிரதீபாவின் ஓட்டத்தைப் பார்க்கவென்றே கனடாவிலிருந்து குகதாசனின் தம்பி அனுப்பிய ஃபோன். கொக்குவில் பள்ளிக்கூடத்தின் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்காக மூன்று மாதம், விடியற்காலையில் சைக்கிளில் மகளுக்கு முன்னால் போய்ப் பயிற்சி கொடுத்தவர் குகதாசன். வழியில் கண்டவர்களிடமெல்லாம் "என்ரை பிள்ளை ஓடுறாள்" என்று சொல்லியும் வைத்திருந்தார். வீடியோ இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது?

நீளம் பாய்தலுக்கு, முகத்தைத் துலக்கிக் காட்டும் போர்ட்ரெய்ட் மோடுக்கு மாறினார். முகம் துலங்கியது உண்மைதான். அளவுநாடா பிடித்திருந்த மாஸ்டரின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம். அவருக்குப் பின்னால் அந்தரத்தில் ஒரு புகைமூட்டம் பாய்ந்துகொண்டிருந்தது, அது பிரதீபா.

அஞ்சலோட்டத்தில் முழு மைதானமும் வரட்டும் என்று பனோரமாவை அழுத்தினார். பிரதீபாவுக்கு ஆறு கால் வந்தது. அவளிடம் கோலைக் கொடுத்த பிள்ளைக்குத் தலை வரவில்லை.

சிவகௌரி ஃபோனைக் கேட்டாள். குகதாசன் கொடுக்கவில்லை.

"ஓடுறது என்ரை பிள்ளை. எடுக்கிறதும் நான்தான்."

"எனக்கும் அவள் பிள்ளைதான்," என்று சொல்லிவிட்டு அவள் குடையை விரித்துக்கொண்டாள்.

கடைசியாக நூறு மீற்றர். எஞ்சியிருந்தது ஸ்லோ மோஷன். முடிவுக்கோட்டருகே முழங்காலிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். பிரதீபாவும் ஒரு பச்சைச் சட்டைப் பிள்ளையும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். உடனே நடுவர்கள் கூடிவிட்டார்கள். நடுவில் பிரதீபா கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டு நின்றாள். வெற்றியை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று குகதாசனுக்கு நெஞ்சு விம்மியது.

வீடியோவைத் திறந்தார். அன்றைக்கு முதல் தடவையாக ஒழுங்காக விழுந்திருந்தது. பின்னல் அசைவது, காலடியில் புழுதி எழும்புவது எல்லாம் தெரிந்தது. பச்சைச் சட்டைக்காரியின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் போய்க் கோட்டைத் தொட்டதும் தெரிந்தது. மூன்று தரம் பார்த்தார். மூன்று தரமும் மகள் மெதுவாக, மிக ஆறுதலாகத் தோற்றாள்.

அந்த நேரம் பார்த்து, யாரிடமாவது வீடியோ இருக்கிறதா என்று நடுவர் மீனாம்பிகை ரீச்சர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

அழிக்க ஒரு விரல் போதும். இதுவும் பிழையாய் விழுந்துவிட்டது என்றால் மனைவி உட்பட எல்லாரும் நம்புவார்கள். குகதாசன் சிவகௌரியைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், மகளின் முகத்தைப் பாராமல் ஃபோனை நீட்டினார்.

"என்ரை பிள்ளை இரண்டாவது, ரீச்சர். பாருங்கோ."

ரீச்சர் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நாங்கள் இவளுக்குத்தான் முதலிடம் குடுத்தனாங்கள், அண்ணை. தான் இரண்டாவது எண்டு இவ்வளவு நேரமும் எங்களோடை சண்டை பிடிச்சது உங்கடை மகள்தான்."