பிராக்கன்ஷா கோட்டையில் எதற்கென்று தெரியாத வரிசை

அன்புள்ள அக்கா ஹெஸ்டருக்கு,

தம்பி வில்ஃப்ரெட் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நாய் நலம், மழை மிக மிக நலம். அங்கே நீயும் அத்தானும் உங்கள் ஊர் மழையும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"உன் பொண்டாட்டி எட்னா கண்ணை மூடி மூணு வருஷம் ஆச்சுடா. இன்னும் நாயோடயே பேசிக்கிட்டு இருந்தேன்னா சீக்கிரம் குரைக்க ஆரம்பிச்சிடுவே" என்று போனில் வாழ்த்தினாயே, அதற்கு முதலில் நன்றி. உன் தேவாலயத்துத் தோழி, கணவரை இழந்த மிஸஸ் முரியல் டான்ஸ்லிக்குப் பழைய கோட்டை என்றால் உயிர், ஒருநாள் அழைத்துப் போனால் எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு என்றாய். எனக்கு இடிந்த சுவர்களைக் கண்டால் ஆகாது என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் போனேன். ஏன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக நான் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக நின்றபடியே சாப்பிடுகிறேன். எதிரே ஓர் ஆள் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று ஒரு ஆசை. சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டேன்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். அந்தச் சுவரைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். பிராக்கன்ஷா கோட்டை என்பது ஒரு சுவர், பாதிக் கோபுரம், மீதி புல். வாசலில் டிக்கெட் கொடுத்த பெண், "இன்னிக்குப் பரவாயில்ல சார், நல்ல வெயில்" என்றாள். அப்போது தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது. 'இங்கே பெரிய விருந்துக்கூடம் இருந்தது' என்று ஒரு பலகை, பார்த்தால் புல். 'இங்கே பிரபுவின் படுக்கையறை இருந்தது' என்று இன்னொன்று, அதுவும் புல். மூன்றாவது பலகை, 'புல்லில் நடக்காதீர்கள்' என்றது. மொத்தக் கோட்டையிலும் கூரையோடு இருந்தது பிளாஸ்டிக் வாளும் பழ ஜாமும் விற்கிற கடை ஒன்றுதான், அதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் ஈரக் கல்லில் உட்கார்ந்து மிஸஸ் டான்ஸ்லி கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சைத் தின்றோம். அதில் உப்பு என்ற பொருள் இல்லை. "பிரமாதம்" என்று இரண்டு தின்றேன்.

பிறகு கோபுரம். எனக்கு மூச்சு வாங்கும், அவருக்கு முழங்கால் வலி. "உங்களுக்கு ஏறணும்னா ஏறலாம், மிஸ்டர் கேட்ச்போல்" என்றார். "ஐயோ, உங்களுக்கு ஆசைன்னா எனக்கு ஆட்சேபணையே இல்ல" என்றேன். ஆசையில்லாத இருவர் மாறி மாறி வழிவிட்டுக்கொண்டே உச்சிவரை ஏறிவிட்டோம். அங்கிருந்து கார் நிறுத்துமிடம் தெரிந்தது. என் காரும் தெரிந்தது. இருவரும் அதையே வெகுநேரம் ஏக்கத்தோடு பார்த்தோம். காற்றில் என் குடை உள்வெளியாகத் திரும்பி, கம்பி ஒடிந்தது.

இறங்கியபோது மழை கொட்டியது. சுவரோரமாக ஒரு வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? நின்றோம். எதற்கு என்று கேட்பது அநாகரிகம் அல்லவா? எங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் சேர்ந்தார்கள். முன்னால் நின்று குளிரில் நடுங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று போக, நாங்கள் மெல்ல மெல்ல முன்னேறி, கடைசியில் வரிசையின் முனைக்கே வந்துவிட்டோம். அங்கே பன்றிக்கறி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். "மன்னிக்கணும், இது எதுக்கான வரிசை?" என்றேன்.

"தெரியலையே சார்! நான் மழைக்கு ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தா பின்னால இத்தனை பேர். இவங்களை விட்டுட்டுப் போனா மரியாதையா இருக்குமா? அதான் நிக்கிறேன்."

மிஸஸ் டான்ஸ்லிக்கு அங்கேதான் பொறுமை போயிற்று. "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கோட்டையில உங்களுக்கு அப்படி என்னதான் பிடிச்சிருக்கு?"

"எனக்கா? உங்களுக்குத்தானே கோட்டைன்னா உயிர்?"

"எனக்கா! ஞாயித்துக்கிழமைன்னா கணப்பு அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கிட்டு வீட்டுல கிடக்கிறவ நான். நீங்கதான் கோட்டைப் பைத்தியம், கூட்டிட்டுப் போக ஆளில்லாம ஏங்கிப் போயிருக்கீங்கன்னு ஹெஸ்டர் சொன்னாங்க!"

அக்கா, உன் திறமையே திறமை. ஒரே பொய்யை இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறாய். வெட்கத்தோடு அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அவர் வீட்டு வாசலில், "ரொம்ப அருமையான நாள்" என்றார். "ரொம்ப அருமை" என்றேன். நம் நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்: இனி இந்த ஜென்மத்தில் சந்திக்க வேண்டாம். நானும் வீட்டுக்கு வந்து, தொட்டி ஓரமாக நின்று ரொட்டி தின்றேன். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குப் பாதியை நாய்க்குப் போட்டுவிட்டேன்.

ஆகவே உன் தம்பியின் இறுதித் தீர்மானம்: இனிமேல் எனக்கு எந்தக் கோட்டையும் வேண்டாம், எந்தத் தோழியும் வேண்டாம். நாய் போதும். குரைக்க நேர்ந்தால் குரைத்துக்கொள்கிறேன்.

அத்தானின் இடுப்புவலியை விசாரித்ததாகச் சொல். பெரியவளாகிய நீ, பொய் சொல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன்.

உன் ஈரம் காயாத தம்பி,
வில்ஃப்ரெட் கேட்ச்போல்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் வாசல்மணி அடித்தது. காரிலிருந்து இறங்கும்போது தெரியாமல் எடுத்துப்போன என் குடையைத் திருப்பிக் கொடுக்க மிஸஸ் டான்ஸ்லி வந்திருந்தார். ஒடிந்த குடையைக் கொடுக்க யாராவது மழையில் வருவார்களா? "தேநீர் சாப்பிடறீங்களா?" என்றேன். "உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்" என்றார். "உங்களுக்கு அவசரம்னா வேண்டாம்" என்றேன். வாசலிலேயே இன்னொரு கோபுரம் ஏறியிருப்போம். நல்லவேளை, நாய் அவர் கையுறையைக் கவ்விக்கொண்டு உள்ளே ஓடியது, அதை மீட்க அவர் உள்ளே வந்தார். நான் தேநீரும் அவித்த முட்டையும் மேசையில் வைப்பதற்குள், அங்கே கிடந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டார். உப்பு விஷயத்தை அடித்துவிடச் சொன்னார். அடிக்க மாட்டேன் என்றேன். "அப்ப அடுத்த தடவை நீங்களே போட்டுக்குங்க" என்று உப்புக் குப்பியை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், அக்கா. வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து.