பதினொரு பேருக்கும் பத்தாம் நம்பர்

கால்பந்தைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவர் திருப்பூரில் யாரும் இருக்க முடியாது. என்னைவிடக் குறைவாக ஆடியவரும் இருக்க முடியாது. இந்த இரண்டு சாதனைகளையும் வைத்துக்கொண்டுதான் நான் பெண் கேட்கப் போனேன்.

அப்போது திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். செக்கிங்கில் வேலை பார்த்த மெர்லினும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். சம்மதிக்க வேண்டியவர் அவள் அண்ணன் அந்தோணி. எங்கள் அயர்னிங் மாஸ்டர், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். (அந்தக் கரையில் பிள்ளைகள் நடக்கும் முன்பே பந்தை உதைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.)

டீ நேரத்தில் அவரிடம் மெர்லினைப் பெண் கேட்டுவிட்டு, மெல்லக் கால்பந்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"உலகக்கோப்பதான் சார் பந்து. சொந்த நாட்டுக்கு ஆடும்போ கண்ணுல தண்ணி வரும்லா?" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அடுத்த மாதமே கல்யாணம். என் வாய் சும்மா இருக்குமா?

"இல்லீங்க, கண்ணீர் வேற, ஆட்டம் வேறங்க. நாட்டு டீமுக்கு அந்த நாட்டு ஆளுகதான் ஆடோணும். ஐரோப்பாக் கிளப்புல உலகம் பூராச் சலிச்சு நல்ல ஆளாப் பொறுக்கறாங்க. தரம்னா அதுதானுங்க!"

"அப்போ ஞாயித்துக்கிழம காட்டுங்க. நாங்க அயர்னிங்காரங்க பதினோரு பேரு. நீங்க கம்பெனி பூராப் பொறுக்குங்க."

தூரத்தில் மெர்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பொறுக்கினேன். பேக்கிங்கில் ஒரு பீகார்க்காரர், ஓர் ஒடியா டெய்லர், மதுரை எலக்ட்ரீஷியன் என்று எல்லாரும் அவரவர் தெருவில் நட்சத்திரங்கள். எல்லாரும் கேட்டது டீமின் பெரிய ஆட்டக்காரர் போடும் பத்தாம் நம்பர் ஜெர்சி. பனியன் ஊரில் அதற்கா பஞ்சம்? பிரிண்டிங்கில் ஒரே ஸ்க்ரீனைப் போட்டு, கோல்கீப்பர் உட்பட அத்தனை முதுகிலும் பத்து அடித்துவிட்டேன். (மனக்கசப்பு வரக் கூடாது பாருங்கள்.)

ஞாயிறு காலை நான் கழுத்தில் விசிலோடு கோச்சாக நின்றேன். ஒருவர் இந்தியில் பந்து கேட்டார். இன்னொருவர் ஒடியாவில் கேட்டார். எங்கள் கட்டிங் மாஸ்டர், "ஏனுங்க, கொஞ்சம் இங்க போடுங்க" என்று மரியாதையாகக் கேட்டு முடிப்பதற்குள் பந்து எங்கள் வலையில் கிடந்தது. நடுவர் "பத்தாம் நம்பர், ஃபவுல்!" என்றால் பதினொரு பேரும் பக்கத்தில் நிற்பவரைக் காட்டினார்கள். தினமும் வேலை முடிந்து ஒன்றாக ஆடிய அயர்னிங்காரர்கள் வாயே திறக்கவில்லை. ஏழுக்குப் பூஜ்யம். அந்த ஏழில் மிக அழகான கோலை அடித்தது எங்கள் ஆள்தான்.

அந்தோணி வந்தார். "சார், ஒவ்வொரு தையல் லைன்லயும் நல்ல டெய்லரா உருவிப் புது லைன் போட்டா, மொத வாரம் பீஸ் வருமா?"

"வராதுங்க."

"ரெண்டு நாள்ல ஆளு சேத்தா அது நாட்டு டீமு. தெனமும் சேந்து ஆடுற நாங்கதான் கிளப்பு."

மெர்லின் கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஆனாலும் சொன்னேன்: "அப்போ கிளப்புதான் ஒசத்தின்னு ஒத்துக்கறீங்க?"

முறைத்தவர் சிரித்துவிட்டார். "தங்கச்சியத் தாரேன். ஆனா ஒரு வருசம் தெனமும் எங்ககூட பிராக்டீஸுக்கு வரணும்."

போனேன். முட்டி தேய்ந்தது, கல்யாணம் நடந்தது.

அன்று என் வாதம் ஜெயித்தது என்று இன்றும் சொல்கிறேன். வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை. போன மாதம் மெர்லின் ஊருக்குப் போயிருந்தபோது, சந்தையிலேயே நல்ல மீன், நல்ல புளி, நல்ல மிளகாய் எல்லாம் தேடி வாங்கி, வாழ்க்கையில் முதன்முறையாக மீன்குழம்பு வைத்து அந்தோணியைச் சாப்பிட அழைத்தேன். ஒரு வாய் வைத்தவர், தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"மாப்ள," என்றார், "எத்தன நாளு பிராக்டீஸு?"