கத்தியில் குந்தியிருந்த பேய்

அமாவாசை வந்தால் புதூர்நாட்டு ஜீப்புகளில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. அத்தனை கூட்டமும் தீர்த்தகிரி சாமியாரின் ஆசிரமத்துக்கு! தாம்பாளத்திலிருந்து ஆளுக்கொரு கத்தி எடுப்பார். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி அறுப்பார். சாறு சிவப்பாக வடிந்தால் பேய். வடியாத பழத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜவ்வாது மலையில் மனிதர் பாதி, பேய் பாதி போலிருக்கிறது!

அருணகிரி தன் மனைவி மாதம்மாளோடு வந்திருந்தான். குறைப்பிரசவத்தில் குழந்தை போனதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. திருப்பத்தூர் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் தேறினாள். போன அமாவாசையில் சாமியார் மாத்திரையை நிறுத்தினார். "யாரும் இவகிட்ட பேசாதீங்க. பேசினா பேய் தாவிடும்" என்றும் சொல்லிவிட்டார். அதோடு, கூடப் புளி உடைக்கும் பெண்கள் அவளைக் கூப்பிடுவதை விட்டார்கள். அருணகிரியும் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓடினான். பாசக்காரன்தான், என்ன செய்ய, பேய் என்றால் பயம். பாவம் அவள், ஒரே மாதத்தில் துரும்பாகிவிட்டாள்.

இன்றும் பழம் சிவந்தது.

"முத்திப்போச்சு. சங்கிலி போட்டு இங்கயே வுட்டுட்டுப் போ" என்றார் சாமியார்.

அருணகிரியின் தலை சரியென்று தானாக ஆடியது.

மாதம்மாள் சட்டென்று தாம்பாளத்திலிருந்து ஒரு கத்தியையும் பழத்தையும் எடுத்தாள். சாமியார் தலையைச் சுற்றி அறுத்தாள். சிவப்பாகக் கொட்டியது!

"அய்யய்யோ, சாமிக்கே பேயா?" என்று கூட்டம் பின்வாங்கியது.

புளி உடைக்கும் நீலாவதி மட்டும் முன்னால் வந்தாள். இன்னொரு கத்தியை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் ஊதாவாகக் கலங்கியது. "தலையக் காட்டு மாதம்மா" என்று பழத்தைச் சுற்றி அறுத்தாள். வெறும் சாறு.

"இன்னா சாமி, பேய் கத்திலயா குந்திக்கினு இருந்துச்சு? நான்தான் இவகிட்ட பேசிட்டனே, இன்னும் தாவலியே!"

கூட்டம் சிரித்தது. செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்த கத்தியில் எலுமிச்சை பட்டால் சிவக்காமல் என்ன செய்யும்? ஆசிரமம் முழுக்கச் செம்பருத்தி எதற்கு என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் வந்த ஜீப்பிலேயே சாமியார் தொங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் திருப்பத்தூரில் டாக்டரம்மா மறுபடி மாத்திரை எழுதினார்.

"மாத்திரை நான் தர்றேன். வூட்ல இவங்ககூட பேசறது யாருங்க?"

மாதம்மாள் அருணகிரியைப் பார்த்தாள்.

பேய்க்குப் பயந்து பெண்டாட்டியிடம் பேசாதவர்களே, அவளிடம் யார் பேசுவது என்பதற்கும் பழம் அறுத்துப் பார்க்க வேண்டுமா?